பழைய வேட்டியின் வெள்ளை

செவ்வூரணி நர்ஸ் முதல் தடவை கூப்பிட்டபோது பாண்டீஸ்வரி அவளுக்கு ஆறுதல் சொல்லித்தான் போனை வைத்தாள். பிறகு அந்த ஆறுதலை நினைத்து அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அது 2039ஆம் ஆண்டு, ஐப்பசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. மதுரையில் தளிர்க்கண் மையத்தின் மூன்றாவது மாடியில் பெரிய திரை ஒன்றின் முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து நூற்றுப்பத்து குழந்தைகளைப் பார்த்து முடித்திருந்தாள். எல்லாம் படங்கள்தான்.

நான்கு வருடமாகத் தென் மாவட்டத்துக் கிராமங்களில், பிறந்த குழந்தைக்குக் காமாலை இருக்கிறதா என்று பார்க்க யாரும் குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதில்லை. பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வீட்டுக்கு நர்ஸ் போவாள், போனில் குழந்தையைப் படம் எடுப்பாள். படம் மதுரைக்கு வரும். தளிர்க்கண் என்ற மென்பொருள் தோலின் நிறத்தை அளந்து, ரத்தத்தில் காமாலை எவ்வளவு என்று ஓர் எண்ணைச் சொல்லும். பதினைந்துக்குக் கீழே இருந்தால் பயமில்லை. பதினெட்டைத் தாண்டினால் யாரும் கூப்பிடாமலே ஆம்புலன்ஸ் கிளம்பிவிடும், பெரியாஸ்பத்திரியில் காமாலையை இறக்கும் நீல விளக்குப் படுக்கை ஒன்றும் ஒதுங்கிவிடும். எண் ஏறவில்லையென்றால் ஆம்புலன்ஸும் இல்லை, படுக்கையும் இல்லை.

பாண்டீஸ்வரிக்கு எண்ணைத் தொடும் அதிகாரம் கிடையாது. வெளிச்சம் சரியில்லை என்று மென்பொருள் சந்தேகப்படும் படங்களைப் பார்த்து, வேண்டுமானால் மறுபடி எடுக்கச் சொல்வது மட்டும்தான் அவள் வேலை. அந்த வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. கல்யாண ஆல்பங்களுக்கு நிறம் திருத்தும் ஸ்டூடியோ ஒன்றில் பன்னிரண்டு வருடம் இருந்தவள். மண்டபத்து மஞ்சள் விளக்கில் பச்சையடித்துப் போன பட்டுச்சேலைகளையும், டியூப்லைட்டில் செத்துப்போன முகங்களையும் உயிரோடு மீட்டெடுத்தவள்.

"மேடம், செவ்வூரணியிலருந்து ஜெயக்கொடி பேசுறேன், நர்ஸு" என்றது குரல். ஐம்பது வயதுக் குரல், மூச்சு வாங்கியது. "இன்னைக்கு எடுத்த படம் ஒண்ணு. தர்ஷினின்னு பேரு, தாய்க்கு. பொம்பளப் புள்ள, பிறந்து மூணு நாளு. கொஞ்சம் பாக்குறீங்களா?"

"எண்ணு என்ன வந்துச்சு, சிஸ்டர்?"

"எட்டு புள்ளி ஆறு."

"நல்லாத்தானே இருக்கு?"

"எண்ணு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் புள்ள மஞ்சளாத் தெரியுது."

பாண்டீஸ்வரி படத்தைத் திரைக்குக் கொண்டுவந்தாள். வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தை. கன்னம் ரோஜா நிறத்தில் இருந்தது. மூக்கு நுனியில் வெண்புள்ளிகள். விரல்களை மடக்கிக்கொண்டு, கோபக்காரக் கிழவி மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது.

"மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினாங்களா?"

"இல்ல, கேட்டுட்டேன்."

"ரூமுல என்ன லைட்டு?"

"குண்டு பல்பு மாதிரி ஒண்ணு, மஞ்ச வெளிச்சம்."

"அதான் சிஸ்டர். வெளிச்சம் மஞ்சளா இருந்தா நம்ம கண்ணுக்கும் புள்ள மஞ்சளாத்தான் தெரியும். தளிர்க்கண் அந்த மஞ்சளக் கழிச்சிட்டுப் பாக்கும். படத்துல புள்ள ஜம்முனு இருக்கு. பயப்படாதீங்க."

"சரி மேடம். பயிற்சியிலயும் அதத்தான் சொன்னாங்க, உங்க கண்ண நம்பாதீங்க, எண்ண நம்புங்கன்னு" என்றாள் நர்ஸ். போன் அணைந்தது.

மறுநாள் காலை பத்தரைக்கு அதே குரல். இந்தத் தடவை பின்னால் ஒரு குழந்தையின் அழுகையும் கேட்டது. பாண்டீஸ்வரி ஒரு பிள்ளை பெற்று வளர்த்தவள். பசி அழுகையும் வலி அழுகையும் அவளுக்குத் தெரியும். இது இரண்டுமில்லை. மெல்லிய கம்பியை இழுப்பது போலக் கூர்மையாக, ஒரே சுருதியில் நீண்டுகொண்டே போனது.

"கேக்குதா மேடம்? விடியக்காலம் தொட்டு இப்பிடித்தான். பால் குடிக்க மாட்டேங்குது. வாயில வச்சா நழுவுது. அழாதப்ப துணி மாதிரி கெடக்கு, அழுதா முதுகு வில்லாட்டம் பின்னால வளையுது."

"எண்ணு?"

"ஏழு புள்ளி ஒம்பது."

"என்ன?"

"கொறஞ்சிருக்கு மேடம். நேத்து எட்டு ஆறு. இன்னைக்கு ஏழு ஒம்பது. ரெண்டு படமும் எடுத்துட்டேன், ரெண்டும் அதான். ஒரு நாளைக்கு ரெண்டுதான் எடுக்க விடும், போன் பூட்டிக்கிருச்சு. ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டா, எண்ணு ஏழுன்னு இருக்கு, எப்பிடிம்மா வண்டி அனுப்புறதுங்கிறாங்க. தாயோட வீட்டுக்காரர் திருப்பூர்ல இருக்காரு. ஊர்ல ஒரு ஆட்டோ இருக்கு, அதுல தூக்கிப்போட்டு அறுபது கிலோமீட்டர் போனாலும் எண்ணு இல்லாம படுக்க தர மாட்டாங்க, வெளிய உக்கார வச்சிருவாங்க."

பாண்டீஸ்வரி இரண்டு நாள் படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் குழந்தை ரோஜா நிறம்தான். இன்றைய படத்தில் இன்னும் கொஞ்சம் வெளுப்பு. இந்தப் படத்தைக் கல்யாண ஆல்பத்தில் ஒட்டினால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அழுகை இந்தப் படத்துக்குச் சொந்தமான அழுகை அல்ல.

குழந்தை மோசமாகிறது, எண் இறங்குகிறது. எங்கேயோ நிறம் பொய் சொல்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

"சிஸ்டர், நேத்து சுத்தியிருந்த துணியும் இன்னைக்குச் சுத்தியிருக்கிறதும் ஒண்ணா?"

"இல்ல. நேத்து சுத்துனத துவைக்கப் போட்டுட்டாங்க. இது தாத்தாவோட பழைய வேட்டி. நல்லா மெத்துன்னு இருக்கும்ல, பச்சப் புள்ளைக்குப் பழசுதான் சுத்துவாங்க."

"வேட்டி என்ன நெறம்?"

"வேட்டிக்கு என்ன மேடம் நெறம், வெள்ளைதான்."

திரையிலும் வேட்டி வெள்ளைதான். பளிச்சென்ற வெள்ளை. தாத்தாவின் பழைய வேட்டி எப்படி இத்தனை பளிச்சென்று இருக்கும்?

"சிஸ்டர், அந்த ஊர்த் தண்ணி எப்பிடி?"

"போர் தண்ணிதான். குடத்துல பிடிச்சு வச்சா அடியில செம்மண்ணு மாதிரி தங்கும். துரு. ஊர்ல ஒருத்தர் வீட்டுலயும் வெள்ளத் துணி வெளுத்து நிக்காது மேடம். ஏன் கேக்குறீங்க?"

"வீட்டுல தூள் உப்பு இருக்கா? ஒரு தட்டு நிறையக் கொட்டிப் புள்ள பக்கத்துல வைங்க. உங்க சொந்தப் போன் இருக்குல்ல, அதுல ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்க. அலங்காரம் பண்ற வசதி எல்லாத்தையும் அணைச்சிட்டு, மூலப் படம்னு இருக்கும் பாருங்க, அத அனுப்புங்க."

"உப்பா?"

"உப்புதான். சீக்கிரம்."

காத்திருந்த நான்கு நிமிடமும் அந்த அழுகை காதிலேயே இருந்தது. ஒரு பெண் தழுதழுத்த குரலில் "என்ன பண்ணுது அக்கா எம்புள்ளைக்கு" என்று கேட்பதும், ஜெயக்கொடி "இரு தாயி, மதுரையில பாக்குறாங்க" என்று சொல்வதும் கேட்டன. படம் மெல்ல மெல்ல இறங்கியது. பாதியில் நின்றது. மறுபடி நகர்ந்தது.

மூலப் படத்தில் எல்லாமே மஞ்சளாக இருந்தது. சுவர், தட்டு, உப்பு, வேட்டி, குழந்தை, எல்லாம் பல்பு வெளிச்சத்தில் முங்கிக் கிடந்தன. பாண்டீஸ்வரி சுட்டியை உப்பின்மேல் கொண்டுபோய் வைத்தாள். ஸ்டூடியோவில் லட்சம் தடவை செய்த வேலை இது. படத்தில் உண்மையிலேயே வெள்ளையாக உள்ள ஒரு பொருளைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று சொல்லிவிட்டால் போதும், மற்ற நிறமெல்லாம் தானாகத் தன் இடத்துக்கு வந்துவிடும். உப்பின்மேல் அழுத்தினாள்.

சுவர் நீலச் சுண்ணாம்பு அடித்த சுவராக மாறியது. தட்டு எவர்சில்வரானது. உப்பு வெளுத்தது. வேட்டி வெளுக்கவில்லை. பால் குறைவாக ஊற்றிய டீயின் நிறத்தில் நின்றது.

குழந்தை, நெற்றியிலிருந்து உள்ளங்கால் வரை, பழுத்த எலுமிச்சம்பழத் தோலின் நிறத்தில் கிடந்தது.

அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு அதே படத்தில் உப்பை விட்டுவிட்டு வேட்டியின்மேல் சுட்டியை வைத்து அழுத்தினாள். நொடியில் குழந்தை ரோஜா நிறமாகிவிட்டது. கன்னத்தில் ஆரோக்கியம் பூத்தது. தளிர்க்கண் செய்தது இதைத்தான். வெள்ளையைத் தேடி, வேட்டியைக் கண்டு, அதுதான் வெள்ளை என்று நம்பி, வேட்டியில் ஏறியிருந்த துருவின் மஞ்சளைக் கழிக்கும்போது குழந்தையின் மஞ்சளையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. துணி பழசாக ஆக, பிள்ளை ஆரோக்கியமாகத் தெரியும்.

"சிஸ்டர், நீங்க பாத்ததுதான் சரி. புள்ள ரொம்ப மஞ்சளா இருக்கு. மெஷினு வேட்டிய வெள்ளைன்னு நினைச்சுக்கிருச்சு."

"அப்ப வண்டி அனுப்பச் சொல்லுங்க மேடம்!"

"என்னால முடியாது. எண்ணு ஏறினாத்தான் வண்டி. வெளிச்சம் சரியில்லைன்னு ஒரு மறுபடம் கேக்கலாம், அது என் கையில இருக்கு. உங்க போன் பூட்டு ஒரே ஒரு படத்துக்குத் திறக்கும். அதுக்குள்ள நெசமான வெள்ளத் துணி வேணும். உப்ப மெஷினு கண்டுக்காது, துணியத்தான் தேடும். புது வேட்டி, புதுத் துண்டு, ஏதாவது இருக்கா?"

"இங்க எல்லாம் இந்தத் தண்ணியில முங்கினதுதான் மேடம்…" நர்ஸின் குரல் நின்றது. பிறகு, "இருங்க, எம் பைக்குள்ள காஸ் துணி இருக்கு. கட்டுப்போடுறது. பிரிக்காத சுருள் மூணு இருக்கு."

"அதான்! அத விரிச்சுப் புள்ளையச் சுத்துங்க. வேட்டி ஓரங்கூடப் படத்துல தெரியக் கூடாது."

இந்த லைனில் பேசுவதெல்லாம் பதிவாகும் என்று பாண்டீஸ்வரிக்குத் தெரியும். எப்படிப் படம் எடுத்தால் என்ன எண் வரும் என்று நர்ஸுக்குச் சொல்லிக்கொடுப்பது அங்கே பெரிய குற்றம். அதற்காகவே போன மாதம் ஒருவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவள் மறுபடத்துக்கான பொத்தானை அழுத்தினாள்.

திரையில் சின்ன வட்டம் சுழன்றது. செவ்வூரணியில் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கியிருந்தது. வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. பக்கத்து மேஜைப் பெண் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். யாரோ சிரித்தார்கள். போனில் அழுகை திடீரென்று நின்றுபோனது.

"சிஸ்டர்? ஏன் சத்தம் இல்ல? சிஸ்டர்!"

"மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு. சோர்ந்துருச்சு. போனத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்துட்டேன், இங்கதான் டவர் எடுக்கும்…"

வட்டம் நின்றது. எண் வந்தது. இருபத்திரண்டு புள்ளி நான்கு.

அடுத்த நொடியே திரையின் ஓரம் சிவந்தது. ஆம்புலன்ஸ் கிளம்பியது, நாற்பது நிமிடம் என்று காட்டியது. பாண்டீஸ்வரி எழுந்து நின்றாள். உட்கார முடியவில்லை. வண்டி ஒரு சின்னப் புள்ளியாக வரைபடத்தில் நகர்வதை நின்றுகொண்டே பார்த்தாள். புள்ளி செவ்வூரணியைத் தொட்டு, திரும்பி, ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து, பெரியாஸ்பத்திரிக்குள் போய் மறைந்த பிறகுதான் தண்ணீர் குடித்தாள்.

மாலை நான்கு மணிக்கு ஜெயக்கொடி ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசினாள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இருபத்தேழு. உடம்பிலுள்ள ரத்தம் முழுவதையும் மாற்றுகிறார்கள். பிழைத்துவிடும் என்கிறார் டாக்டர். மூளைக்கு ஏறியிருந்தால் காது போயிருக்கலாம், கை கால் வராமல் போகலாம், அதெல்லாம் இப்போது சொல்ல முடியாது.

"நேத்தே அனுப்பியிருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காதுன்னு டாக்டர் சொல்றாரு" என்றாள் ஜெயக்கொடி. குற்றம் சாட்டும் தொனியே அதில் இல்லை. அதுதான் பாண்டீஸ்வரியைக் குத்தியது.

மறுநாள் காலையில் டாக்டர் ஜோயல் தனராஜ் அவளை அறைக்குக் கூப்பிட்டார். தளிர்க்கண்ணை உருவாக்கியவர் அவர்தான். குழந்தை மருத்துவர், நரைத்த தாடி, குரலை உயர்த்தாத மனிதர். முந்தைய நாள் பதிவு முழுவதையும் கேட்டிருந்தார்.

"உக்காருங்க பாண்டீஸ்வரி. நீங்க பண்ணினது விதிப்படி தப்பு. ஆனா அந்தக் குழந்தை உங்களாலதான் பிழைச்சுது. அதனால அதப் பத்திப் பேசப் போறதில்ல."

"வேட்டிதான் சார் காரணம்."

"ராத்திரியெல்லாம் அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். துருத் தண்ணி உள்ள ஊர்ல பழைய துணி. தளிர்க்கண்ணுக்குப் பெரும்பாலும் ஆஸ்பத்திரிப் படங்களக் காட்டித்தான் கத்துக்கொடுத்தோம், அங்க துணி வெள்ளையா இருக்கும். கிராமத்துப் படங்கள்ல வெள்ளை எதுன்னு அதுக்குச் சொல்லித்தர ஆள் வச்சோம்." அவர் தயங்கினார். "அந்த வட்டாரத்துப் படங்கள்ல வெள்ளையத் தொட்டுக் காட்டினது யாருன்னு தேடிப் பாத்தேன்."

அவர் திரையைத் திருப்பினார். பதினோராயிரத்துச் சொச்சம் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரே பெயர் இருந்தது. பாண்டீஸ்வரி, மதுரை.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதம் அவளுக்கு ஞாபகம் வந்தது. இருநூறு பேர் வரிசையாக உட்கார்ந்து படத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தார்கள். குழந்தையைச் சுற்றியுள்ள வெள்ளைத் துணியைத் தொடவும் என்று திரையில் எழுதியிருக்கும். அவள் தொட்டாள். துண்டைத் தொட்டாள், பழைய சட்டையைத் தொட்டாள், வேட்டியைத் தொட்டாள். எல்லோரையும்விட வேகமாகத் தொட்டதற்குக் கைதட்டல் வாங்கினாள். வேட்டி என்று கண்டதுமே மனசு வெள்ளை என்று முடிவுசெய்துவிட்டது. அது என்ன நிறம் என்று பன்னிரண்டு வருடம் நிறம் பார்த்த அவளுடைய கண் கேட்கவே இல்லை.

"நான்தானா சார்?"

"நாம எல்லாரும்தான். அந்தக் கேள்விய எழுதினது நான். உங்களக் குத்தம் சொல்ல இதக் காட்டல. நடந்தது என்னன்னு உங்களுக்குத் தெரியணும்."

"இதுக்கு முன்னாடி எத்தன புள்ளைங்க?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "நாலு வருஷமா ஓடிக்கிட்டிருக்கு. செவ்வூரணி மாதிரி எத்தன ஊரு?"

ஜோயல் பதில் சொல்லுமுன் சன்னலைப் பார்த்தார். "முப்பத்தொரு ஊர். அந்த ஊர்ப் படங்கள எல்லாம் புதுசாத் திருத்தி ஓட்டிப் பாத்தேன். நானூத்திப் பதினேழு குழந்தைங்க பதினெட்டுக்கு மேல இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம்னுதான் சொல்றேன். பாதிப் பேருக்குத் தானாவே இறங்கியிருக்கும்."

"மீதிப் பாதி?"

"பாண்டீஸ்வரி, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. தளிர்க்கண் வர்றதுக்கு முன்னாடி இந்த ஊருங்கள்ல நர்ஸ் வாரத்துக்கு ஒரு தடவகூடப் போக மாட்டாங்க. காமாலையில சாகுற குழந்தைங்க எண்ணிக்க பாதிக்குக் கீழ வந்திருக்கு, அது பொய்யில்ல. நாளைக்கு நாம வெளிய போயி, மெஷினு நாலு வருஷமாத் தப்பாச் சொல்லிருச்சுன்னு சொன்னா என்ன ஆகும்? ஒரு தாய் படம் எடுக்க விட மாட்டா. திட்டத்த மூடுவாங்க. பழையபடி ஒருத்தரும் பாக்காம குழந்தைங்க சாகும். அடுத்த வாரம் திருத்தின மென்பொருள் எல்லாப் போனுக்கும் போயிரும். நர்ஸ் பையில ஒரு வெள்ளை அட்டை வைப்போம். இனிமே இது நடக்காது."

"நடந்து முடிஞ்சதுக்கு?"

"நடந்து முடிஞ்சத நம்மால மாத்த முடியாதும்மா."

"காத மாத்த முடியாட்டியும் கருவி வைக்கலாம்ல சார்? சின்ன வயசுலயே கண்டுபிடிச்சாத்தான் பேச்சு வரும்னு நேத்து ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க. அந்தப் புள்ளைங்களுக்கு இப்ப ஒரு வயசு, ரெண்டு வயசு, மூணு வயசு. இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு யாரோ கண்டுபிடிச்சா என்ன பிரயோசனம்?"

ஜோயல் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவருக்கும் தெரியாததல்ல. அவளைவிட நன்றாகவே தெரியும்.

"மேலிடத்துல பேசறேன். கொஞ்சம் நேரம் குடுங்க. காது பரிசோதனை முகாம்னு வேற பேர்ல ஏதாவது போட முடியுமான்னு பாக்குறேன். அதுவரைக்கும் இந்த நானூத்திப் பதினேழு பேர் பட்டியல் இந்த அறைய விட்டு வெளிய போகக் கூடாது. வேலையில சேர்றப்ப ரகசியம் காப்பேன்னு நீங்க போட்ட கையெழுத்து ஞாபகம் இருக்கட்டும்."

அவள் ஒரு வாரம் காத்திருந்தாள். செவ்வூரணிக் குழந்தை வார்டிலிருந்து வீட்டுக்கு வந்தது, பால் குடித்தது. காதைப் பற்றி மூன்று மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். திருத்திய மென்பொருள் வந்தது. வெள்ளை அட்டைகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. முகாம் பற்றிக் கேட்டபோது, அடுத்த நிதியாண்டு என்றார் ஜோயல். அவர் முகத்தில் தூக்கமில்லை. சொல்லிவிட்டு அவள் கண்ணைப் பார்க்காமல் போனார்.

வியாழக்கிழமை மதியம் பாண்டீஸ்வரி அந்தப் பட்டியலை, வீட்டுப் போன் எண்களோடு, தன் போனுக்கு எடுத்துக்கொண்டாள். பூட்டு எதுவும் இல்லை. அவள் பெயரிலிருந்த படங்களோடு சேர்த்துத்தான் ஜோயல் அதை வைத்திருந்தார். யார் எடுத்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கும், இருக்கட்டும் என்று விட்டாள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி, மழை நின்ற தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தாள். பட்டியலிலுள்ள வீடுகளைக் கூப்பிட்டு என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். எழுதினதைப் படித்தபோது எல்லாமே பொய்யாகத் தெரிந்தது. தாளை மடித்துப் பைக்குள் போட்டாள்.

முதல் போன் எண்ணில் ஒரு தகப்பன் எடுத்தார். பையனுக்கு இரண்டரை வயதாம். பின்னால் அவன் போடும் கூச்சலே கேட்டது. "பேசுறானாவா? வாய மூடச் சொல்லுங்க பாப்போம்" என்று சிரித்தார். இரண்டாவது வீட்டில் குழந்தை தூங்குகிறாள், கதவு சாத்தினால்கூட முழித்துக்கொள்வாள் என்றார்கள். மூன்றாவது எண் உபயோகத்தில் இல்லை. நான்காவதில் ஒரு சிறுமியே போனைப் பிடுங்கி, "யாரு நீ?" என்று கேட்டாள்.

பாண்டீஸ்வரிக்கு மூச்சு இலகுவானது. ஜோயல் சொன்னது உண்மையாக இருக்கலாம். தானாகவே இறங்கியிருக்கலாம். பட்டியலில் உள்ள அத்தனை பேரும் இப்படி வாயாடிக்கொண்டிருக்கலாம். இதையெல்லாம் கிளறி ஒன்றுமில்லாமல் போனால், வேலையும் போய், ஊரையும் பயமுறுத்தியது மிச்சமாகும். போனை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தாள். பிறகு ஐந்தாவது எண்ணை அழுத்தினாள்.

"யாருங்க?" இளம் பெண்ணின் குரல். பாத்திரம் கழுவும் சத்தம்.

"நாகஜோதிங்களா? மதுரையிலருந்து, குழந்தைங்கள ஃபோட்டோ எடுத்துப் பாக்குற ஆபீஸ்லருந்து பேசுறேன்மா. உங்க பையன் எப்பிடி இருக்கான்? மூணு வயசு ஆகியிருக்கும்ல?"

"நல்லா இருக்கான் மேடம். நல்லா சாப்பிடுறான். சாதுவான புள்ள, ஒரு தொந்தரவும் பண்ண மாட்டான்." குரலில் பெருமை இருந்தது. "நீங்க எடுத்த படம் இன்னும் எங்கிட்ட இருக்கு. நல்லா இருக்கான்னு சொன்னீங்கல்ல, அந்தப் படம். அழகா செவப்பா இருப்பான் அதுல."

பாண்டீஸ்வரி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. பின்னாலருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்குறானா?"

பாத்திரச் சத்தம் நின்றது. குழாயை மூடுவது கேட்டது. ஒரு கதவு சாத்தப்பட்டது. அந்தப் பெண் மறுபடி பேசியபோது குரல் மிகவும் தாழ்ந்திருந்தது, பக்கத்து அறைக்குக்கூடக் கேட்கக் கூடாது என்பது போல.

"அத நாங்க இன்னும் யாருகிட்டயும் சொல்லலியே. எங்க வீட்டுக்காரரும் நானும் மட்டுந்தான்… எங்க மாமியாருக்குக்கூடத் தெரியாது. மேடம், உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பாண்டீஸ்வரி கண்ணை மூடித் திறந்தாள்.

"சொல்றேன்மா" என்றாள். "எல்லாத்தையும் சொல்றேன். எம் பேரு பாண்டீஸ்வரி. முதல்ல அத எழுதி வச்சுக்கங்க."